எண்பதுக்குக் கீழே

ஷார்ஜா
12 ஜனவரி 2025

அத்தானுக்கு,

ஜெனோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள். ஒரு பக்கம்தான்.

மூஸா நெய்னா அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். காயல்பட்டினத்துக்காரர், என்னோடு ஒரே கடையில் வேலை பார்க்கிறார். நாங்கள் இங்கே பணக்காரர் வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிற ஆட்கள். அவர் மூன்று அட்டைப்பெட்டி கொண்டுவந்து இறக்குவார். ரிசீவர் ஒன்று, சின்ன ஸ்பீக்கர் இரண்டு, அடிச்சத்தத்துக்கென்று சப்வூஃபர் ஒன்று. ஒரு வில்லாக்காரர் புதுசு வாங்கியதும் பழசை எடுத்துக்கொள் என்றார். நல்ல சாமான். மூஸா நெய்னாவே அன்பளிப்பாகக் கொடுத்தது என்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளுங்கள். என் பெயரைச் சொன்னால் பெட்டியோடு கடலில் போட்டுவிடுவாள்.

கோயில் தெரு எலக்ட்ரீஷியன் விக்டர்தான் உங்களைப் பற்றி எனக்கு அவ்வப்போது சொல்லுவான். நாள் முழுக்க டிவிதான், அதன் சத்தம் தகர டப்பாவுக்குள் வண்டு விழுந்த மாதிரி இருக்கிறது என்றான். ஆறு வருஷமாக அந்த அறைக்குள் அந்தச் சத்தத்தோடு கிடக்கிறீர்கள் என்பது எனக்குத் தாங்கவில்லை. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

விக்டர் மாட்டித் தருவான். பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதினால் அவனிடமே கொடுங்கள், மூஸா நெய்னாவின் ஆட்கள் யாராவது வந்து போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

அன்றைக்கு நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை அத்தான். இதை எழுதவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ஜெனோ

•

தூத்துக்குடி
3 பிப்ரவரி 2025

ஜெனோவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். உன் சத்தம் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னவன் நான். உன் நம்பரை அடைத்து வைத்தவள் உன் அக்கா. எழுத்துக்குச் சத்தம் கிடையாது, அந்தச் சலுகையில் எழுதுகிறேன். அதுவும் உனக்காக இல்லை. நீ அனுப்பிய சனியன் படுத்துகிற பாட்டுக்காக.

விக்டர் வந்து மாட்டினான். மாட்டினான் என்று சொல்வதற்கு அவனுக்குத் தைரியம் வேண்டும். ரிசீவரில் ஸ்பீக்கர் லார்ஜா ஸ்மாலா என்று கேட்டதாம். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த சாமானைச் சின்னது என்று போட்டால் மரியாதையாக இருக்காது என்று லார்ஜ் என்று போட்டுவிட்டான். ஊஃபர் ஊமையாகிவிட்டது. நீ காலிப் பெட்டியை அனுப்பி ஏமாற்றிவிட்டாய் என்று உன்னை நன்றாகத் திட்டினேன். உனக்கு விக்கல் எடுத்திருக்கும். அப்புறம் ஸ்மால் என்று மாற்றி, கிராஸ் ஓவர் என்று ஒன்று இருக்கிறது, அதை இருநூறில் வைக்கிறேன், கூட இருந்தால் நல்லதுதானே என்றான். கிராஸ் என்றால் சிலுவை, ஓவர் என்றால் முடிந்தது. எனக்குச் சிலுவை இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் பூசை வைத்தோம். சாமியார் திரையில் கையை விரித்து நிற்கிறார், பிரசங்கம் என் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிறது! ஊஃபரை வைக்க வேறு இடமில்லாமல் உன் அக்கா அதைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ளியிருக்கிறாள். பத்துக்கு எட்டு அறையில் கட்டில் போக மிச்சம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும், நீயும் இங்கே தூங்கியவன்தான். குசினியிலிருந்து அவள் ஓடி வந்து குனிந்து பார்த்து, “கட்டிலுக்கு அடியில யாரு?” என்றாள். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்தது உனக்கு வரவு வைக்க அல்ல.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். வள்ளத்தில் நீயும் நானும் மட்டும். நான் பதினோரு பாகம், அறுபத்தாறு அடிக்குக் கீழே, சங்கு பொறுக்குகிற பையோடு. வாயில் காற்று வரும் ஹோஸ், மேலே அதைப் பிடித்திருப்பது உன் கை. ஹோஸுக்குக் காற்று தள்ளுகிற கம்ப்ரசர் முனகுவது எப்போதும் கேட்கிற சத்தம். அன்றைக்குக் கேட்டது அது இல்லை. தலைக்கு நேர் மேலே எஞ்சின், தொம் தொம் என்று. என் நெஞ்செலும்பில் கேட்டது. வள்ளம் நகர்ந்தால் ஹோஸ் அறும், மூச்சு போகும், எஞ்சின் காற்றாடி தலைக்கு மேல் வரும். இடுப்பு ஈயத்தை அறுத்துவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்தேன். ரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லை.

இந்தக் கடற்கரையில் முங்குகிறவனின் கயிற்றைப் பங்காளி பிடிக்க மாட்டான், மச்சினன்தான் பிடிப்பான். ஏன் என்று உனக்குத் தெரியும். மச்சினன் கையை விட்டால் அவன் அக்காள் தாலி அறும், அந்தப் பயத்தில் விட மாட்டான். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். நான் கடலில் இறங்கப் போனேன்.

சாமியாரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்று மட்டும் எழுது.

ரோச்

•

ஷார்ஜா
16 பிப்ரவரி 2025

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு முதலில் பதில்.

சத்தத்தை ஒரு இடத்தில் வெட்டி, மேல் பாதியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் கீழ்ப் பாதியை ஊஃபருக்கும் பங்கு வைக்கிற கோடுதான் கிராஸ் ஓவர். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்கிறோம். ஆம்பிளைக் குரல் சுமார் நூறிலிருந்து தொடங்குகிறது. விக்டர் கோட்டை இருநூறில் போட்டதால் சாமியாரின் குரலில் பாதி ஊஃபருக்குப் போய்விட்டது. எண்பதில் வைக்கச் சொல்லுங்கள். நாற்பதுக்கு இறக்கவும் கூடாது. அந்தச் சின்ன ஸ்பீக்கர் அறுபத்தைந்துக்குக் கீழே இறங்காது, நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

ஊஃபருக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கும். அதையும் எண்பதில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், கடைசிவரைக்கும் திருகி விட்டுவிடுங்கள். ரிசீவர் ஒரு தடவை வெட்டுகிறது, ஊஃபரும் வெட்டினால் ஒரே மீனை இரண்டு தடவை அரிந்த மாதிரி, முள்தான் மிஞ்சும். பக்கத்தில் ஃபேஸ் என்று ஒரு ஸ்விட்ச், பூஜ்யம் ஒரு பக்கம், நூற்றெண்பது ஒரு பக்கம். இரண்டிலும் போட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது ஊஃபர் பின்னால் இழுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இரண்டும் வேலை செய்யும், ஆனால் சத்தம் இருக்காது. எதில் குரல் கனமாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

எண்பதுக்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனுஷக் காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஊஃபரைக் கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். இதை இங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சொல்கிறேன். அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் உங்கள் ஞாபகம் வரும். தண்ணீருக்குள் எல்லாச் சத்தமும் அப்படித்தான் அத்தான். தலைக்கு நேர் மேலே என்று எழுதியிருக்கிறீர்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மீன்பிடி லாஞ்சு போனாலும் தலைக்கு நேர் மேலேதான் கேட்கும்.

அன்றைக்குப் போனது லாஞ்சுதான். ஆறு வருஷமாக இதைத்தான் சொல்கிறேன். அக்காவிடம், அம்மாவிடம், கோயிலில், எல்லாரிடமும் சொன்னேன். அது நம் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும், அது கடக்கும்வரை நீங்கள் மேலே வரக் கூடாது என்று ஹோஸை இரண்டு இழுப்பு இழுத்தேன். ஒரு இழுப்பு என்றால் மேலே வா, இரண்டு என்றால் அங்கேயே இரு. நீங்கள் எனக்குச் சொல்லித் தந்ததுதான்.

இதுவரை உங்களிடம் நேராகக் கேட்க யாரும் விடவில்லை, இப்போது கேட்கிறேன். அந்த இரண்டு இழுப்பு உங்களுக்குத் தெரிந்ததா?

ஜெனோ

•

தூத்துக்குடி
2 மார்ச் 2025

ஜெனோவுக்கு,

விக்டர் முதலில் எண்பதை விட்டுவிட்டு நாற்பதில் வைத்தான். நீ வேண்டாம் என்று எழுதியதை அவனிடம் படித்துக் காட்டிய பிறகும் வைத்தான். குறைத்தால் கரண்ட் மிச்சமாகும் என்று அவன் எண்ணம். சாமியார் குரல் பட்டினி கிடந்தவன் குரலாகிவிட்டது. நாற்பது நாள் தபசு வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் என்னவே ஒருசந்தி உபவாசம் என்று கேட்டேன். அப்புறம் எண்பது. திருகைக் கடைசிவரை திருகினான். ஸ்விட்ச் பூஜ்யத்தில் மெலிந்தது, நூற்றெண்பதில் நிறைந்தது, அதில் விட்டோம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறது. கோயில் நடுப்பத்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. உன் அக்கா மாவு கையோடு வந்து வாசலில் நின்றாள். “சாமியார் இப்பதான் வீட்டுக்குள்ள வந்திருக்காரு” என்றாள். பூசை முடியும்வரை உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவளுக்குக் கோயிலுக்குப் போகவே நேரம் கிடைப்பதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நான் கட்டிலில் கட்டிக் கிடக்கிறேன், அவள் கட்டிலைச் சுற்றிக் கட்டிக் கிடக்கிறாள்.

ஊஃபரை இப்போது கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அதன் முதுகில் கை நுழைகிற மாதிரி ஒரு குழாய் ஓட்டை இருக்கிறதே, உன் கடிதங்களைச் சுருட்டி அதற்குள்தான் செருகியிருக்கிறேன். சிரிக்காதே. தலையணை உறை, மெத்தை, அலமாரி எல்லாம் அவள் கையில். முடங்கிக் கிடக்கிறவனுக்கு ஒளித்து வைக்க ஒரு இடம் கிடையாது. கொஞ்சம் சத்தம் கூட்டினால் உள்ளே சரசர என்கிறது, அவ்வளவுதான்.

எண்பதுக்குக் கீழே திசை தெரியாது என்று நீ எழுதியது வில்லாக்காரன் தலையில் மிளகாய் அரைக்கிற பேச்சு என்று நினைத்தேன். நேற்று உன் அக்கா மார்க்கெட் போயிருந்தபோது விக்டரைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவன் ஊஃபரைத் தூக்கிக் கால்மாட்டில், கதவோரம், ஜன்னலடியில் என்று மாற்றி மாற்றி வைத்து, போனிலிருந்து ஐம்பது ஹெர்ட்ஸ் சத்தம் மட்டும் விட்டான். எங்கே என்று நான் கையை நீட்ட வேண்டும். நாலு தடவை நீட்டினேன், நாலும் தப்பு. ஒரு தடவை கதவோரம் இருந்த பெட்டியை என் தலைக்கு நேர் மேலே என்று காட்டினேன். அங்கே மின்விசிறிதான் இருக்கிறது. அப்புறம் கோட்டை இருநூறில் தூக்கி வைத்தான், நாலுக்கு நாலும் சரியாகக் காட்டினேன்.

விக்டர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெயில் தொடங்கிவிட்டது. ஸ்பீக்கர் ஒயர் இன்னும் இரண்டு மீட்டர் தேவைப்படும் என்று விக்டர் சொல்கிறான்.

ரோச்

•

ஷார்ஜா
14 மார்ச் 2025

அத்தானுக்கு,

இரண்டு தாள், நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது, எண்பது, நூற்றெண்பது எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட இரண்டு மட்டும் இல்லை.

தெரியவில்லை என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆறு வருஷமாக இறங்கவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, லீவு. அறையில் ஆறு பேர், மேலே மூன்று கட்டில், கீழே மூன்று கட்டில். எனக்கு மேல்கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை தட்டும், குனிந்துகொண்டுதான் எழுதுகிறேன். என் பாஸ்போர்ட் என் கையில்தான் இருக்கிறது. டிக்கெட் போட்டால் நாலு மணி நேரத்தில் ஊர் வந்துவிடலாம். வந்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? மற்ற ஐந்து பேரும் ஊருக்குப் போக நாள் எண்ணுகிறார்கள். என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டார்கள்.

அம்மா செத்தபோது நான் வரவில்லை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அவன் வந்தால் சவப்பெட்டியை எடுக்க விட மாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்பினாள். நான் வந்தேன் அத்தான். மூஸா நெய்னா வீட்டில் பையைப் போட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே மதிலை ஒட்டி நின்றேன். உள்ளே அமலோற்பவம் என்று சாமியார் அம்மாவின் பெயரைச் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை. ஜெபம் ஒரு வரி கேட்கவில்லை. பேண்டுக்காரர்களின் பெரிய டிரம் மட்டும் மதிலைத் தாண்டி வந்தது. அடிச்சத்தம் சுவரைத் தாண்டும், சொல் தாண்டாது. இதை நான் தொழிலில் படிக்கவில்லை, அங்கே நின்று படித்தேன். டிரம் நின்றதும் மண் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, நீங்கள் படித்துவிட்டு ஒயரைப் பற்றி எழுதுவீர்கள்.

கடிதங்களை அந்த ஓட்டையில் வைக்காதீர்கள். அது காற்று போய் வருகிற வழி. அடைத்தால் பெட்டிக்கு மூச்சு முட்டும்.

இரண்டு இழுப்பைப் பற்றி எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். செட்டிங்குக்கு விக்டர் போதும்.

ஜெனோ

•

தூத்துக்குடி
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெனோ,

தெரிந்தது.

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது. மூன்று தாளைக் கிழித்து விக்டரிடம் கொடுத்து எரிக்கச் சொன்னேன்.

இரண்டு இழுப்பு. நன்றாகத் தெரிந்தது. முதல் இழுப்பு கொஞ்சம் மெதுவாக, இரண்டாவது வெடுக்கென்று. உன் கை அப்படித்தான் இழுக்கும், வேறு யார் கையும் இல்லை. ஹோஸ் பிடிக்கிற இடம் வள்ளத்தின் முன்னால், எஞ்சின் பின்னால். ஒருவனுக்கு இரண்டு இடத்தில் கை கிடையாது. கைக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் காதை நம்பினேன். பயந்துவிட்டேன் மாப்பிள்ளை. இருபது வருஷம் முங்கியவன் அன்றைக்குப் பயந்து போனேன்.

கரைக்குக் கொண்டுவந்தபோது உன் அக்கா என்ன ஆயிற்று என்று அலறினாள். உன் தம்பி எஞ்சினைப் போட்டுட்டான் என்று சொன்னேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன், மாதா மேல் ஆணை. நாலைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கையில் அந்த இழுப்பு திரும்ப வந்தது. அதற்குள் உன் அக்கா உன் துணிமணியைத் தெருவில் எறிந்துவிட்டாள். உன் அம்மா உனக்காகப் பேசியதற்கு அந்த அம்மாவோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். மச்சினன் இரு என்றான், இவன் கேட்காமல் வந்து காலைக் கெடுத்துக்கொண்டான் என்று ஆகும். மச்சினன் கெடுத்தவன் என்றால் என்மேல் பரிதாபம் இருக்கும். நானே கெட்டவன் என்றால் என்ன இருக்கும்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு வருஷம் போய்விட்டது.

உன் அம்மா அடக்கத்தன்று நீ மதிலோரம் நின்றாய் என்று படித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அதுவும் தலையை மட்டும்தான் திருப்ப முடியும்.

நீ என்னைத் திட்டு, பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் உன் அக்காவிடம் சொல்ல என்னால் முடியாது. அவள்தான் என்னைக் கழுவுகிறாள். மலம் மூத்திரம் எல்லாம் அவள் கைதான். முகம் சுளித்துப் பார்த்ததில்லை. எனக்காகத் தம்பியை விட்டாள், அம்மாவை விட்டாள். அது பொய்க்காகத்தான் என்று தெரிந்த பிறகு அவள் கை என்மேல் எப்படிப் படும்? போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. போகாமல் இருந்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. என்னால் இந்தக் கட்டிலைவிட்டு இறங்கிக்கூடப் போக முடியாதே ஜெனோ.

கொஞ்ச நாளாக அவள் பேச்சு குறைந்திருக்கிறது. தபசுகாலம், ஒருசந்தி இருக்கிறாள், அதனால்தான் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் கேட்ட சரசரப்பும் தானாக நின்றுவிட்டது.

அவளிடம் சொல்லிவிடாதே.

ரோச்

•

ஷார்ஜா
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். இந்த அறையில் அழ வேறு இடம் இல்லை. வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், அது இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அந்த இரண்டு இழுப்பை நானே கற்பனை செய்துகொண்டேனோ என்றுகூட நடுவில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, தெரியுமா? எல்லாரும் ஒன்றைச் சொல்லும்போது நம் கையையே நம்ப முடியாமல் போய்விடுகிறது. தெரிந்தது என்று நீங்கள் ஒப்புக்கொண்டு எழுதியதை இருபது தடவையாவது படித்திருப்பேன்.

அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஹோஸை விடவில்லை, இன்றைக்கும் விட மாட்டேன். ஆனால் மேலே இருக்கிறவன் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடியும். அங்கே எவ்வளவு நேரம் இருப்பது என்பதைக் கீழே இருக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தடவை மெதுவாக மேலே வாருங்கள். ஆனால் வாருங்கள்.

ஜெனோ

•

தூத்துக்குடி
22 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெனோ,

சொல்லிவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று. அன்றைக்கு டிவி போடக் கூடாது, கோயில் மணிகூட அடிக்காது. ஒளிந்துகொள்ள வீட்டில் ஒரு சத்தம் இல்லை. பத்து மணிக்கு என்னைத் திருப்பிப் போட்டுவிட்டு, பேசினில் தண்ணீர் வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் பார்க்க வேண்டியதில்லை, அதுதான் வசதி என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“எமில்டா, ஜெனோ எஞ்சினப் போடல. இருன்னு ரெண்டு இழுப்பு இழுத்தான். எனக்குத் தெரிஞ்சுது.”

துணி ஒரு கணம் முதுகில் நின்றது. பிறகு துடைத்து முடித்தாள், பவுடர் போட்டாள், போர்த்திவிட்டாள், பேசினை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனி, ஞாயிறு, அதுவும் ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறு, ஒரு சொல் இல்லை. சோறு வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து திருப்பினாள், ஒரு நிமிஷம் பிந்தவில்லை. கை எப்போதும் போலத்தான் இருந்தது, கடுமையாகவும் இல்லை, மென்மையாகவும் இல்லை. போய்விடுவாள் என்று பயந்தேனே, அதைவிட இது கொடுமை. என்னைத் திட்டுளா, அடிளா என்று கேட்டுப் பார்த்தேன். போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

நேற்று மத்தியானம் வந்து தரையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். பிரித்தாள். உன் கடிதங்கள், நாலும், தேதி வரிசையில் அடுக்கியிருந்தாள். நான் ஓட்டையில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை.

“பெட்டி இருமிச்சு. என்னன்னு பாத்தேன்” என்றாள்.

எப்போது என்று கேட்டேன். தபசு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாளாம். தூசி துடைக்கும்போது முதல் இரண்டையும் எடுத்திருக்கிறாள். அப்புறம் வந்தவற்றையும் நான் செருகச் செருக எடுத்திருக்கிறாள். நான் காலி ஓட்டைக்குக் காவல் இருந்திருக்கிறேன். நீ இரண்டு இழுப்பைக் கேட்டதைப் படித்திருக்கிறாள். நான் அதற்கு என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது, என் கடிதங்கள் விக்டரோடு போய்விட்டன. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாளாம். போன வாரம் உன் கடைசிக் கடிதம் வந்ததும் சந்தேகமே போய்விட்டது.

“நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தபசு நாப்பது நாளும்.”

அந்த நாற்பது நாளும் என்னைக் கழுவியிருக்கிறாள் ஜெனோ. தெரிந்துகொண்டே கழுவியிருக்கிறாள்.

பிறகு உன் மூன்றாவது கடிதத்தை எடுத்து, மதிலோரம் நின்ற இடத்தை விரலால் காட்டினாள். எங்கம்மையை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று வழியனுப்பியிருக்கிறான், பெட்டியை எடுக்க விட மாட்டேன் என்று சொன்னது நானல்லவா என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். ஆறு வருஷத்து அழுகை. எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினேன், தள்ளி உட்கார்ந்துகொண்டாள். எனக்காக அவள் அழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். உனக்கு எழுதச் சொன்னாள். போனில் வேண்டாமாம். இத்தனை நாள் கழித்துப் போனில் கூப்பிட்டால் அவன் பதறிப்போவான் என்கிறாள். நம்பரைத் திறந்து வைத்துவிட்டாள், ஆனால் முதலில் கடிதம் போகட்டும் என்றாள். என்ன எழுத என்று கேட்டேன்.

“ஒத்த இழுப்பு இழுங்க. அவனுக்குத் தெரியும்.”

நான் என்ன ஆவது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கதவருகே நின்று திரும்பிப் பார்த்தாள். “நீங்க எங்கன போயிருவீங்க?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

நீ வந்தால் என் அறைக்குள் வர வேண்டாம் என்று நினைக்கிறாள். குசினியில் உட்கார வைத்துச் சோறு போடுவாளாம். உனக்குப் பிடிக்கும் என்று சீலா மீன் கருவாடு இப்போதே வாங்கி வைத்துவிட்டாள். நானும் அதுதான் சரி என்றேன். நீங்கள் இரண்டு பேரும் பேசுவது சுவர் தாண்டி எனக்குச் சொல்லாக வராது. உன் குரலின் அடிச்சத்தம் மட்டும் வரும். பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அது எங்கிருந்து வருகிறது என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

இரண்டு இல்லை மாப்பிள்ளை, ஒன்று. மேலே வா.

ரோச்